கேபினில் ஒரு சாட்சி

இரவில் வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு,

நான் நாமக்கல் பக்கத்து ஆள். இருபத்தாறு வருஷமாக நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுகிறேன். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போவது, திரும்பும்போது வெங்காயமோ ஆரஞ்சோ கிடைத்த லோடை ஏற்றி வருவது, இதுதான் பிழைப்பு. உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். ஏதாவது ஒரு தாபாவில் பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்போம். அப்படிப் படுத்திருந்தால் என் குறட்டையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலை. குர்னூல் தாண்டி ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டி, நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த கிளீனர் பையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"என்னடா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நேத்து ராத்திரி நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து நீட்டினான். இருட்டில் பதிவு செய்திருந்ததால் படம் ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும். லோடு வண்டி முதல் கியரில் மேடு ஏறுவது போல ஒரு குறட்டை. ஏறுகிறது, ஏறுகிறது, சட்டென்று ஆஃப். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ரோட்டில் ஒரு வண்டி கடந்து போகிறது. எங்கோ நாய் குரைக்கிறது. திரையில் வினாடி ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து. இருபது. முப்பது. டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டாவது வினாடியில் கிணற்றில் முங்கினவன் மேலே வந்து காற்றை இழுப்பது போல ஒரு சத்தம். மறுபடி மேடு ஏறத் தொடங்கியது வண்டி.

"யாருடா இது?" என்று கேட்டேன். கேலிக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

இந்த வியாதிக்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. மற்ற நோய்களைப் பெரும்பாலும் நோயாளிதான் முதலில் சொல்வான். வலிக்கிறது, எரிகிறது, வீங்கியிருக்கிறது என்பான். இதில் நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ராத்திரி முன்னூறு தடவை மூச்சு நின்றிருந்தாலும் காலையில் எழுந்து 'நல்லாத் தூங்கினேன்' என்று சத்தியம் செய்வான். நானும் செய்தேன். தெரிந்தவர் பக்கத்தில் படுத்திருப்பவர் ஒருவர்தான். நம் பிழைப்பில் பக்கத்தில் யார்? மாதத்தில் நாலு நாள் மனைவி. மிச்ச நாளெல்லாம் கிளீனர். அந்தக் கிளீனரையும் இப்போது சம்பளக் கணக்குப் பார்த்துப் பல வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். சிங்கிள் டிரைவர், சிங்கிள் கேபின். அவன் தூங்குவதைப் பார்க்க ஆளே இல்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பதிவுக்கு மூன்று மாதம் முன், அதே 44ஆம் எண் ரோட்டில், விடியற்காலை நாலு மணி வாக்கில், நடுத் திட்டில் வைத்திருக்கும் அரளிச் செடிகள் என் வலது பக்கக் கண்ணாடியில் சடசடவென்று அடித்தன. அந்தச் சத்தத்தில்தான் கண் திறந்தேன். ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நேரானது. கண்ணாடி போயிற்று. ஓனரிடம் நாய் குறுக்கே வந்தது என்றேன். நம் தொழிலில் குறுக்கே வந்த நாய்கள் எத்தனை நிஜம், எத்தனை பொய் என்பது நமக்குத்தான் தெரியும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. நாலு வினாடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர். எட்டு லோடு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் தூரத்துக்கு, டிரைவர் இல்லாத வண்டி. தொப்பூர் கணவாயில் யாரும் தூங்குவதில்லை, கவனித்திருப்பீர்கள். அங்கே பயமே முழிக்க வைத்துவிடும். வளைவில்லாத, மேடில்லாத, விளக்கில்லாத நேர் ரோடுதான் ஆளைச் சாய்க்கிறது.

தூக்கத்தை விரட்ட நம்மிடம் என்னென்ன வித்தை இருக்கிறது! பச்சை மிளகாயைக் கடிப்பது, பீடி, உதட்டுக்குள் புகையிலை, ஜன்னலை இறக்கிவிட்டுப் பாட்டைக் கூட்டுவது, கிளீனரைக் கதை சொல்லச் சொல்வது. சில இடங்களில் போலீஸ்காரர்களே வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுக்கிறார்கள். நல்ல காரியம். தூங்காமல் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு அரைமணி நேரம் உதவும். நான் சொல்லும் ஆள் வேறு. அவன் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவன். எழுந்து ரெண்டு மணி நேரத்தில் டோல்கேட் வரிசையில் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துவிடுகிறான். பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தால்தான் எழுகிறான். ரெஸ்ட் எடுத்த பிறகும் தூக்கம் தீராதவன் தன்னைச் சந்தேகப்பட வேண்டும். நமக்கோ அந்த நேரம் சந்தேகம் சாப்பாட்டின் மேல் போகும். "மத்தியானம் சோறு ஜாஸ்தியாப் போச்சு."

மற்ற அறிகுறிகளும் எனக்கு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். காலையில் தலை கனம்: டீசல் புகை. வாய் வறட்சி: ஆந்திரா வெயில். ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுவது: வயசு, இல்லாவிட்டால் சர்க்கரை. சர்க்கரை பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, மூச்சு அடைபட்டு நெஞ்சு திணறும்போது இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரை அதிகப்படுத்துகிறதாம். பி.பி.க்கு மூன்று மாத்திரை விழுங்கியும் இறங்கவில்லை. ஒரு மருத்துவமனையில் நான் 'தூக்கம் சரியில்லை' என்று சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் படுப்பவர் யார், அவரைக் கூட்டி வந்தாயா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி விடக்கூடியது. ராத்திரி படுக்குமுன் குவார்ட்டர் போடுகிறவர்களுக்கும் அதே கதைதான். அசந்து தூங்குகிறோம் என்று நினைப்போம், உள்ளே தொண்டை அதைவிட அசந்துவிடும்.

என்ன நடக்கிறது என்று பின்னால் கோவையில் பார்த்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அவர் படத்தைவிட ரேடியேட்டர் ஹோஸ் நன்றாகப் புரிந்தது. உள் லைனிங் இத்துப்போன கீழ் ஹோஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி ஐடிலில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வாட்டர் பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் ஹோஸ் சப்பிக்கொள்ளும், தண்ணீர் ஓட்டம் நின்று என்ஜின் சூடேறும். தொண்டையும் அப்படி ஒரு ஹோஸ்தான். அதைச் சுற்றி எலும்பு இல்லை, தசைதான் பிடித்து நிறுத்துகிறது. தூக்கத்தில் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, நுரையீரல் இழுக்கிற இழுப்பில் குழாய் ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுசாக ஒட்டினால் நிசப்தம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்க மூளை பதறி எழுந்து தசையை இறுக்கும். மூச்சு வந்துவிடும். நமக்கு அந்த எழுப்பல் தெரியாது. மூளைக்குத் தெரியும். ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான தடவை எழுப்பிவிடப்பட்ட ஒருவனிடம்தான் காலையில் வண்டிச் சாவியைக் கொடுக்கிறோம்.

குண்டானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். கழுத்து தடித்தவர்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆணுக்குக் கழுத்துச் சுற்று 40 சென்டிமீட்டரைத் தாண்டினாலே டாக்டர்கள் ஒரு குறி போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு 43. எங்கள் ஊர் டெய்லர் தீபாவளிக்குத் தீபாவளி காலரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும் ஒல்லி ஆட்களுக்கும் இது வருகிறது. தூக்கச் சோதனைக்குப் போன அன்று பக்கத்து அறையில் இருந்தவர் காற்றடித்தால் பறந்துவிடுவார் போலிருந்தார்.

அந்தச் சோதனையைச் சொல்கிறேன், இதற்குப் பயந்துதான் பலர் போவதில்லை. கோவையில் ஒரு மருத்துவமனை. முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். எட்டுக் கேள்வி. 1991இல் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் உருவாக்கியதாம், உலகம் முழுக்க அதே எட்டுதான். டி.வி. பார்க்கும்போது கண் அசருமா, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அசருமா, நெரிசலில் வண்டி சில நிமிஷம் நிற்கும்போது அசருமா என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். பத்தைத் தாண்டினால் சரியில்லை. நான் லைசென்ஸை நினைத்துக்கொண்டே போட்டேன். மொத்தம் ஆறு. டாக்டர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தாளை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். "இவருக்கு நீங்க போடுங்கம்மா." அவள் கூசாமல் பத்தொன்பது போட்டாள்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார்.

"சின்னவன் பொறந்ததிலிருந்துங்க. ராத்திரி நான் இவரு நெஞ்சு மேல கைய வச்சுட்டுத்தான் படுத்திருப்பேன். மூச்சு வரலைன்னா உலுக்குவேன்."

சின்னவன் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். இத்தனை வருஷத்தில் ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். "சொன்னேனுங்க. கொறட்டைக்கெல்லாம் ஆஸ்பத்திரியான்னு கேட்டீங்க." கேட்டிருப்பேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். டெக்னீஷியன் தம்பி ஒரு மணி நேரம் ஒயரிங் செய்தார். தலையில் ஆறேழு இடத்தில் பசை வைத்து ஒட்டினார், பஞ்சர் சொல்யூஷன் தடவுவது போலவே இருந்தது. கண் ஓரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் ஒயர்கள். நெஞ்சுக்கு ஒரு பெல்ட், வயிற்றுக்கு ஒரு பெல்ட். மூக்கடியில் காற்றைப் பிடிக்கும் சின்னக் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப், மேலே கேமரா. ஹார்னஸ் மாற்றும்போது டேஷ்போர்டைக் கழற்றிப் போட்ட வண்டி மாதிரிக் கிடந்தேன். இதில் எவன் தூங்குவான் என்று நினைத்தேன். படுத்த பத்தாவது நிமிஷம் தூங்கிவிட்டேனாம். ஊசி இல்லை, வலி இல்லை. காலையில் தலைமுடியில் ஒட்டிய பசையைக் கழுவுவதுதான் பெரும்பாடு.

பாதி ராத்திரியில் அந்தத் தம்பி என்னை எழுப்பி மூக்கில் ஒரு மாஸ்க்கை மாட்டினார். முதல் பாதியிலேயே விஷயம் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் மிச்ச ராத்திரியில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துவிடலாம் என்றார். விடிந்தபோது எனக்கு ஒன்று வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கனவு கண்டிருந்தேன். எங்கள் ஊர் ஏரி, அதில் இறந்துபோன எங்கப்பா எருமை குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷம் ஆகியிருந்தது கனவு என்று ஒன்று வந்து! அந்த அளவு ஆழத்துக்கு என் தொண்டை என்னைப் போகவிட்டதில்லை.

ரிப்போர்ட்டில் மூன்று எண் பார்த்தேன். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பது முதல் எண். பத்து வினாடியாவது நின்றால்தான் ஒரு தடவை என்று கணக்கு. 5 வரை பரவாயில்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 52. ஆறு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 312. மிக நீண்ட நிறுத்தம் 61 வினாடி. ஆக்சிஜன் இறங்கிய அடிமட்டம் 68 சதவீதம். கொரோனா வந்த பிறகு ஆக்சிஜன் எண் நம் எல்லோருக்கும் பாடம். 94க்குக் கீழே போனால் வீடே அலறிற்று. நான் 68இல் கேபினில் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை ஆரம்பித்துச் சரியாகும்வரை வண்டி எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வந்தது. டியூ யார் கட்டுவது என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு ரயில் கதையைச் சொன்னார். 2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை, நியூயார்க்கில் பயணிகள் ரயில் ஒன்று மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. நாலு பேர் செத்தார்கள். குடிக்கவில்லை, செல்போன் பார்க்கவில்லை, பிரேக் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் சோதித்தபோதுதான் டிரைவருக்கு ஸ்லீப் அப்னியா என்று தெரிந்தது. போதாக்குறைக்கு ரெண்டு வாரம் முன்னால்தான் அவருக்கு மத்தியான ஷிஃப்டை விடிகாலை ஷிஃப்டாக மாற்றியிருந்தார்கள். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. 'உங்களுக்கு இப்போ தெரியும்' என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பயம், எனக்குத் தெரியும். புதுப்பிக்கும்போது நாம் கையெழுத்துப் போடும் படிவம் 1ஐ ஒருநாள் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, சிவப்பு பச்சை தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் இருக்கும். குறட்டை பற்றியோ தூக்கம் பற்றியோ பேர் சொல்லி ஒரு கேள்வி இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நீங்கள் ஓட்டுவதால் பொதுமக்களுக்கு ஆபத்தாகும் வேறு வியாதி உண்டா என்று பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது. சிகிச்சை எடுக்காதவன் அதற்கு 'இல்லை' என்று போடுவது பொய். எடுத்துக்கொண்டு, அதற்கு மாட்டும் மெஷினின் கணக்கைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் இந்த வியாதியால் பகலில் தூக்கம் வருகிறவர்கள் லைசென்ஸ் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், கட்டுக்குள் வரும்வரை ஓட்டக் கூடாது. வந்த பிறகு ஓட்டலாம், லாரியாக இருந்தாலும் சரி. வியாதி வந்தால் ஸ்டியரிங்கே போயிற்று என்பதெல்லாம் தாபா பேச்சு.

அந்த மெஷினுக்குப் பேர் சிபேப். அதன் கதை நமக்குப் பிடித்த மாதிரிக் கதை. 1980 வரை இந்த வியாதி முற்றியவர்களுக்கு ஒரே வழி, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், அப்படி ஓட்டை போட இருந்த ஒரு கட்டிடத் தொழிலாளியிடம், ஒரு ராத்திரி இதை முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். காற்றைத் தள்ளும் சின்ன மோட்டார், ஒரு குழாய், மூக்குக்கு ஒரு மாஸ்க். அந்த ஆள் விடிய விடியத் தூங்கினார். வாக்வம் கிளீனர் மோட்டாரைப் போட்டு, வீட்டில் வைத்துக்கொள்ள ஆரம்ப கால மெஷின்களைச் செய்து கொடுத்தார்கள். உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்தார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். 1981இல் லான்செட் இதழில் எழுதினார். பட்டறையில் பொறந்த வைத்தியம் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஆக்சிஜன் மெஷின் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அறையில் இருக்கும் காற்றுதான். லேசான அழுத்தத்தில் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. எனக்கு வைத்திருப்பது 10 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம். நம் டயரில் அடிக்கும் 8 கிலோ காற்றோடு ஒப்பிட்டால் எண்ணூறில் ஒரு பங்கு. அந்தத் துளிக் காற்றுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

முதல் பத்து நாள் நரகம், மறைக்கவில்லை. மூக்கு அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு தூங்குவது போல் இருந்தது. காலையில் பார்த்தால் மாஸ்க் கீழே கிடக்கும், எப்போது கழற்றினேன் என்று தெரியாது. பெரிய பிரச்சினை மீசை. என் மீசை மேல் மாஸ்க் உட்காரவில்லை, ராத்திரி முழுக்க புஸ் புஸ்ஸென்று லீக். மெஷின் கம்பெனிக்காரத் தம்பி தயங்கித் தயங்கி, "சார், மீசைய எடுத்துட்டா…" என்றார். மெஷினை எடுத்துக்கொண்டு போ என்றேன். மறுவாரம் மூக்குத் துவாரத்திலேயே உட்காரும் சின்ன ரப்பர் முனை வைத்த மாஸ்க்கைக் கொண்டு வந்தார். மீசையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நிறையப் பேர் முதல் மாஸ்க்கிலேயே வெறுத்துப்போய் மெஷினைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் மாஸ்க்கில்தான் இருக்கும். மாற்றிப் பாருங்கள். முதல் மாதம் வாடகைக்குக் கொடுப்பார்கள், எடுத்தவுடன் வாங்காதீர்கள்.

கேபினுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் வண்டியின் 24 வோல்ட் பேட்டரியிலேயே ஓடுகிறது. காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹீட்டரை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள், கரண்டைக் குடிப்பது அதுதான். வீட்டில் அதைப் போடும்போது மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ஊற்றுங்கள். கேபினில் பேட்டரிக்கு வைத்திருக்கும் கேன் வேண்டாம். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். ஃபில்டரை, நம் ரோட்டுப் புழுதிக்கு, அவர்கள் சொல்வதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். மெஷினுக்குள் ஒரு கார்டு இருக்கிறது. எத்தனை மணி நேரம் மாட்டினோம், எவ்வளவு லீக், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது எல்லாம் அதில் பதிவாகும். வண்டியில் ஜி.பி.எஸ். மாட்டியதுபோலத்தான். ஓனரை ஏமாற்றலாம், இதை முடியாது. இப்போது எனக்கு 52 இருந்த இடத்தில் 3. பி.பி. மாத்திரை மூன்றில் ஒன்றை டாக்டர் நிறுத்தியிருக்கிறார். ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறேன்.

சோதனைக்கு எனக்கு 9,500 ரூபாய் ஆயிற்று, ஒரு லாரி டயரில் பாதி விலை. மெஷின் 46,000. சீட்டு எடுத்துத்தான் கட்டினேன். ஓனர்கள் யாராவது இதைப் படித்தால், எஃப்.சி.க்கு வண்டியை நிறுத்தும் நாளில் டிரைவரையும் ஒரு ராத்திரி சோதனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கும் சின்னச் சோதனையும் இருக்கிறது, அதற்கு இதைவிடக் குறைவு.

எல்லோருக்கும் மெஷின்தான் என்றில்லை. லேசாக இருப்பவர்களுக்குப் பல் டாக்டர் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் ஒரு கிளிப் செய்து கொடுப்பார். மல்லாந்து படுத்தால்தான் வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுத்தாலே பாதி குறையும். பனியன் முதுகில் பந்தைத் தைத்துக்கொள்ளும் பழைய வித்தை இன்னும் பலிக்கிறது. உடம்பு கூடியவர்கள் எடை குறைத்தால் பலன் உண்டு. எடை குறைக்கும் ஊசி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த வியாதிக்கென்றே அனுமதி கொடுத்திருக்கிறார்கள், உடல் பருமனோடு வியாதி நடுத்தரமாகவோ தீவிரமாகவோ இருப்பவர்களுக்கு. நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். செல்போன் விளம்பரத்தில் 299 ரூபாய்க்கு வரும் மூக்குக் கிளிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் ரெண்டு வாங்கினேன். குறட்டைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் அடைப்பை அது தொடாது. சோதனையே இல்லாமல் மெஷினை விற்க வருகிறவனையும் நம்ப வேண்டாம். எவ்வளவு அழுத்தம் என்று தெரியாமல் காற்றடிக்கிறவன் என்ன டயர்க்காரன்?

நீங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது சின்ன வேலைதான். இன்று ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறார்களோ அவர்களிடம் கேளுங்கள். குறட்டை விடுகிறேனா என்று கேட்காதீர்கள், அதற்குச் சிரிப்புதான் பதிலாக வரும். குறட்டை நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். நின்று, எவ்வளவு நேரம் கழித்து, எப்படி மறுபடி ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். ஆள் இல்லாதவர்கள் செல்போனில் பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். காலையில் டீ குடிக்கும்போது கேளுங்கள். நேரம் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பதிவில் எல்லாம் சரியாக இருந்தும் பகலில் கண் சொக்குகிறது என்றால், அப்போதும் டாக்டரைப் பாருங்கள்.

அன்று என்னைப் பதிவு செய்த பையன் இப்போது ஹெவி லைசென்ஸ் எடுத்து, தனியாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறான். கல்யாணம் ஆகிவிட்டது, லேசாக உடம்பும் போட்டிருக்கிறான். கிளீனர் இல்லை. மாதம் ஒரு தடவை ஒரு ராத்திரிப் பதிவை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் சோலாப்பூரிலிருந்து அனுப்பினான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பது நிமிஷம் கேட்டேன். குறட்டை இருக்கிறது. ரெண்டு இடத்தில் சத்தம் நின்றது. ஒன்று ஆறு வினாடி, இன்னொன்று ஒன்பது. பத்து வரவில்லை. போன மாதம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை என்பதால், ஊருக்கு வந்ததும் கோவைக்குப் போகலாம் என்று போன் செய்து சொன்னேன். "கொறட்டைக்கெல்லாம் ஆஸ்பத்திரியாண்ணா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், தாள் நிரப்ப.

அன்புடன்,
உங்களில் ஒரு டிரைவர்